மேலேயிருந்து வலை தெரியாதோ?

விண்வெளியைப் பற்றி யாராவது வாய்க்கு வந்தபடி கதைத்தால் எனக்கு இன்றைக்கும் பொறுக்காது. செவ்வாயில் தண்ணீர் இருக்காம், இன்னும் கொஞ்சக் காலத்தில் அங்கே வீடு கட்டிக் குடியேறலாமாம் என்று தேநீரை உறிஞ்சிக்கொண்டு சொல்வார்கள். யார் சொன்னது, நீ போய்ப் பார்த்தாயா, நாளைக்கு ஒருத்தர் வந்து கேட்டால் இதே கதையை முகத்துக்கு நேரே சொல்வாயா என்று சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருக்கும். என் மனைவி கண்ணாலேயே அடக்கிவிடுவாள். இந்தக் கோபம் நான் பிறக்கும்போது கொண்டுவந்ததில்லை. யாழ்ப்பாணத்துக் குருநகரில் என் கடைக்கு முன்னால் இருந்து வலை தைத்த ஒரு மனிசியிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது.

எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கொழும்பில் என் றேடியோ திருத்தும் கடையை எரித்தார்கள். உடுத்த சாரத்தோடு கப்பலேறி வந்து, கடற்கரைக்கு இறங்குகிற தெருவில் ஒரு சின்ன அறையைப் பிடித்து மறுபடி தொடங்கினேன். பின்னேரங்களில் கடைச் சுவரின் நிழல் தெருவில் விழும். அந்த நிழலுக்காகத்தான் மாமி முதலில் வந்தார். தெரு முழுக்க அவருக்கு மருமக்கள், ஆகவே எனக்கும் மாமி. கட்டையான, அகன்ற தோள் கொண்ட உடம்பு. சீலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகியிருப்பார். கரையில் நின்று கூப்பிட்டால் வள்ளத்தில் நிற்பவன் திரும்பிப் பார்க்கிற குரல். கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், உள்ளே என்ன றேடியோ பாடுகிறதோ அதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே தைப்பார்.

பாட்டுக்கு அவர் பதில் சொல்வதில்லை. அரசியலுக்கு ஒரு “ம்” மட்டும். றொக்கற், வானத்தில் சுற்றுகிற செய்மதி, கடலுக்குக் கீழே தோண்டுகிற சுரங்கம், மனிதனில்லாமல் ஓடுகிற ரயில் என்று ஏதாவது வந்தால் போதும், ஊசி நின்றுவிடும். உலகத்தில் எங்கே எவன் எந்த மிசினைச் செய்தாலும் அது மாமிக்குப் பக்கத்து வீட்டு விஷயம். பக்கத்து வீட்டுக்காரனிடம் கேட்பதுபோலவே கணக்குக் கேட்பார். ரஷ்யாக்காரன், அமெரிக்காக்காரன் என்ற பிரிவெல்லாம் அவரிடம் கிடையாது. எல்லாரும் “உவங்கள்”தான்.

நான் அரைக்காற்சட்டையோடு திரிந்த காலத்தில் உவங்கள் ஒரு நாயை விண்வெளிக்கு அனுப்பினார்கள். அந்த நாய்க்காக மாமி, நான் கடை போட்ட நாட்களிலும் கோபமாகத்தான் இருந்தார்.

“திரும்பி வாறதுக்கு வழி வைக்காமல் அனுப்பினவங்கள் தம்பி. அது வாலை ஆட்டிக்கொண்டு ஏறியிருக்கும். கூட்டிக்கொண்டு போறவன் நல்லவன் எண்டு நம்பியிருக்கும்.”

றேடியோ திருத்த வந்த ஒருவர் சிரித்துக்கொண்டு, “அது செத்து எவ்வளவு காலம் மாமி, இப்ப ஏன் கத்திறியள்?” என்று கேட்டுவிட்டார்.

“அனுப்பினவன் இன்னும் சோறு தின்னுறான்தானே? அப்ப நான் கத்துவன்.”

அந்த மனிதர் றேடியோவை விட்டுவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த நாட்களில் நானும் மாமியின் கோபத்தை ஒரு வேடிக்கையாகத்தான் ரசித்தேன். அவர் ஒரு சொல்லும் சும்மா சொல்வதில்லை என்பது விளங்க எனக்குக் காலம் எடுத்தது.

எண்பத்தாறில் ஏழு பேரோடு கிளம்பிய விண்ணோடம் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க வானத்திலேயே வெடித்தது. அதில் ஒரு பள்ளிக்கூட ரீச்சரும் போனார். அந்தக் கிழமை என் கடையில் கூட்டம். நீர்வேலியில் இருந்து சைக்கிளில் வந்துபோகும் ஓய்வுபெற்ற விஞ்ஞான மாஸ்ரர் ஒருவர் எங்கள் கடையின் நிரந்தரப் பேச்சாளர். தோட்டத்து வாழைப்பழங்களைக் கைப்பிடியில் தொங்கவிட்டு வருவார். தானும் தின்று எங்களுக்கும் தருவார். எரிபொருள், அமுக்கம், வெப்பநிலை என்று அவர் விளங்கப்படுத்தினார். மாமி கேட்டுக்கொண்டிருந்தார். சில கிழமைகள் கழித்து இன்னொரு செய்தி வந்தது. குளிர் கூடவாக இருக்கிறது, விடவேண்டாம் என்று சில எஞ்சினியர்மார் முதல்நாளே மறித்துப் பார்த்தார்களாம். மேலிடத்தில் கேட்கவில்லையாம். அப்போதுதான் மாமி ஊசியை வலையில் குத்திவிட்டு நிமிர்ந்தார்.

“அப்ப அங்கையும் ஒரு சம்மாட்டி இருந்திருக்கிறான்.”

சம்மாட்டி என்றால் வள்ளமும் வலையும் வைத்திருக்கிற முதலாளி. கடலில் இறங்குவது வேறு ஆட்கள்.

“காத்துச் சரியில்லை எண்டு கடலுக்கை போறவன் சொல்லுவான். கரையில நிக்கிறவன் ‘போ போ, ஒண்டும் நடக்காது’ எண்டுவான். வள்ளமெண்டாலும் உதுதான், றொக்கற்றெண்டாலும் உதுதான். மாஸ்ரர், உங்கடை அமுக்கத்தைக் கொண்டுபோய் அந்தச் சம்மாட்டிக்குச் சொல்லுங்கோ.”

மாஸ்ரருக்கு முகம் கறுத்துவிட்டது. ஆனாலும் அடுத்த கிழமை வாழைப்பழத்தோடு வந்தார். இரண்டு பேருக்கும் ஒருவரில்லாமல் மற்றவருக்குப் பொழுது போகாது.

தொண்ணூறில் சண்டை மறுபடி தொடங்கியதோடு மின்சாரம் நின்றது. பற்றரி கொண்டுவரத் தடை. எனக்கு உதிரிப்பாகம் தந்துகொண்டிருந்த முஸ்லிம் கடைக்கார நானாவையும் அவருடைய சனம் முழுவதையும் அதே வருடம் ஊரைவிட்டுத் துரத்தினார்கள். அதை நினைத்தால் வருகிற கோபம் வேறு. அதை இதற்குள் கொண்டுவந்தால் நான் மாமியைப் பற்றி எழுதி முடிக்கமாட்டேன். றேடியோவைப் பாட வைக்க ஒரே வழிதான் இருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சில்லில் டைனமோவை முட்டவிட்டு, மிதியைக் கையால் சுழற்ற வேண்டும். சுழற்றும் மட்டும் செய்தி வரும். கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும்.

அந்த வேலையை மாமி எடுத்துக்கொண்டார். கயிறு இழுத்துப் பழகிய கை, களைக்காது. ஆனால் ஒரு வில்லங்கம். அவருக்குப் பிடிக்காத செய்தி வந்தால் மிதியை விட்டுவிடுவார். பெரிய தொலைநோக்கி ஒன்றை விண்வெளியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, கண்ணாடியைப் பிழையாகக் கடைந்துவிட்டோம், பார்வை மங்கல் என்று உவங்கள் அறிவித்த அன்றைக்கு, வாசித்தவரின் குரல் பாதி வசனத்தில் இறங்கிச் செத்துப்போனது.

“ஏத்திறதுக்கு முதல் ஒருத்தனும் ஒருக்கா எடுத்துப் பாக்கேல்லையோ? இந்த வலையை வெயிலுக்கை தூக்கிப் பாக்காமல் நான் கடலுக்கு விடுறனோ?”

“மாமி, செய்தி!” என்று எல்லாரும் கத்தினோம். அவர் தனக்குத் திருப்தி வரும்வரை ஏசிவிட்டுத்தான் மிதியைத் தொட்டார். அதற்குள் நாங்கள் கேட்கக் காத்திருந்த எங்கள் ஊர்ச் செய்தி போய்விட்டிருந்தது.

அடுத்த வருடம் வளைகுடாவில் சண்டை. மாஸ்ரருக்குத் திருவிழா. குண்டு ஜன்னலுக்குள்ளால் போய் வெடிக்கிறதாம், ஏவுகணையை ஏவுகணை மறிக்கிறதாம் என்று ஒவ்வொரு பின்னேரமும் வந்து சொல்வார். எங்கள் தலைக்கு மேலே பறந்து குண்டு போடுகிறவனுக்கு ஜன்னலும் தெரிவதில்லை, வீடும் தெரிவதில்லை. அப்படியிருக்க இந்த மனிதர் கண் பளபளக்கக் கதைப்பது எனக்கு அருவருப்பாக இருந்தது. ஒருநாள் பழத்தை உரித்துக்கொண்டே சொன்னார்:

“இப்ப மேலை சுத்துற செய்மதி இருக்கே, கீழை ஓடுற காரின்ரை நம்பரையே வாசிக்குமாம்.”

மாமி மிதியைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

“இராவிலையுமோ?”

“இராவிலையும்.”

“முகிலுக்குள்ளாலையுமோ?”

“முகிலுக்குள்ளாலையும் தங்கச்சி. அதுக்கு மறைப்பே கிடையாது.”

அன்றைக்கு மாமி வேறு எதைக் கேட்டிருந்தாலும் மாஸ்ரர் ஓம் என்றுதான் சொல்லியிருப்பார். தோலைத் தெருவில் எறிந்துவிட்டுப் போனார். மாமி திட்டவில்லை, மிதியையும் விடவில்லை.

மாமிக்கு ஒரே மகன். கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது மிசின் போட்ட வள்ளம் கூடாது, கரையிலிருந்து தெரிகிற தூரத்துக்கு அப்பால் போகக்கூடாது என்று கடற்படை கடலுக்கும் வேலி போட்டிருந்தது. கோலால் ஊன்றித் தள்ளிக்கொண்டுபோய், கிடைக்கிற நாலு மீனோடு திரும்பி வருவார்கள். தொண்ணூற்று மூன்றின் தொடக்கத்தில் ஒரு காலை நாலைந்து வள்ளங்கள் போயின. எங்கிருந்தோ கடற்படையின் பீரங்கிப் படகு ஒன்று வந்து சுட்டது. மற்றவர்கள் விழுந்தடித்துக் கரைசேர்ந்தார்கள். அவனுடைய வள்ளம் வரவில்லை. அதில் அவன் தனியேதான் போயிருந்தான். மத்தியானம் முழுக்கச் சனம் கரையில் நின்றது. ஒரு பலகைத் துண்டுகூட ஒதுங்கவில்லை.

பின்னேரம் மாமி கடைக்கு வந்தார். நான் சைக்கிளைக் கவிழ்க்கவில்லை. அவரே கவிழ்த்தார், டைனமோவை முட்டவிட்டார், சுழற்றத் தொடங்கினார். கொழும்புச் செய்தியில் அது மூன்றாவதோ நான்காவதோ ஆக வந்தது. ஆயுதங்களை ஏற்றிவந்த படகொன்று கடலில் அழிக்கப்பட்டது, அதிலிருந்தவர் கொல்லப்பட்டார் என்றார்கள். இடத்தையும் சொன்னார்கள். அவன் வலை போடுகிற அதே இடம்.

மாமி மிதியை விடுவார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். விடவில்லை. அந்தச் செய்தி முடிந்தது, வெளிநாட்டுச் செய்தி முடிந்தது, விளையாட்டு முடிந்தது, நாளைக்கு எங்கே மழை பெய்யும் என்பதும் முடிந்தது. அவர் சுழற்றிக்கொண்டேயிருந்தார். வாத்திய இசை தொடங்கியபிறகு நான்தான் போய் அவருடைய கையைப் பிடித்தேன்.

“வலை எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லைத் தம்பி,” என்றார். “வலை இருந்தது. முந்தநாள் இதிலை இருந்துதானே தைச்சுக் குடுத்தனான். வலை எண்டு சொல்லேல்லை.”

அன்றிலிருந்து அவருக்கு ஒன்றே ஒன்றுதான் தேவைப்பட்டது. மகன் உயிரோடு வருவான் என்று அவர் சொல்லவேயில்லை. கடல்காரரின் வீட்டில் பிறந்தவருக்கு அது தெரியும். அவன் ஆயுதம் ஏற்றப் போகவில்லை, மீன் பிடிக்கப் போனான் என்பதை அந்தச் செய்தி சொன்னவர்கள் தங்கள் வாயால் சொல்லவேண்டும். அவ்வளவுதான். அதற்கு அவர் ஒரு வழியும் கண்டுபிடித்திருந்தார். மாஸ்ரர் அடுத்த தடவை வந்து சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை, மாமி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

“மாஸ்ரர், காரின்ரை நம்பரை வாசிக்குமெண்டால் வள்ளத்துக்குள்ளை கிடந்த வலை தெரியாதோ?”

மாஸ்ரருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் பழச்சீப்பைப் பார்த்தார்.

“அது... தங்கச்சி, அது சும்மா பேப்பரிலை எழுதுறது.”

“அண்டைக்கு நீங்கள் சும்மாவோ சொன்னனீங்கள்?”

“சும்மா ஒரு கதைக்குச் சொன்னது...”

“நான் சும்மா கேக்கேல்லை மாஸ்ரர். முகிலுக்குள்ளாலையும் தெரியும் எண்டனீங்கள். அண்டைக்கு ஒரு பொட்டு முகில்கூட இல்லை. ஆரிட்டைக் கேக்கவேணும்? அதை மட்டும் சொல்லுங்கோ.”

மாஸ்ரர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். பிறகு நெடுநாள் எங்கள் தெருவுக்கே வரவில்லை. கெட்ட மனிதர் இல்லை. மகனின் செய்தி கேட்டு அழுதவர்தான். ஆனாலும் எனக்கு அவரை மன்னிக்க மனம் வரவில்லை. பழத்தோலை எறிவதுபோல ஒரு கதையை எறிந்துவிட்டுப் போகிறவர்கள், அதில் ஒருத்தி கால் வைப்பாள் என்று நினைப்பதேயில்லை.

மாமி தேவாலயத்துப் பங்குச் சுவாமியிடம் போனார். கச்சேரி என்கிற அரச அலுவலகத்துக்குப் போனார். நிவாரணம் கொடுக்க வருகிற ஒவ்வொரு நிறுவனத்தின் வாசலிலும் நின்றார். எல்லாரிடமும் ஒரே கேள்வி: மேலேயிருந்து எடுத்த படம் யாரிடம் இருக்கிறது? சிலர் பாவம் பார்த்தார்கள், சிலர் சிரிப்பை மறைக்கக் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்கள். தெருவில் அவருக்குச் செய்மதியின் இங்கிலீசுப் பெயரால் ‘சற்றலைற்’ என்று பட்டம் வைத்தார்கள். என் கடை வாசலில் நின்று அப்படிக் கூப்பிட்டவன் ஒருவனுக்கு நான் கை நீட்டிவிட்டேன். அதற்காக இன்றைக்கும் நான் வருத்தப்படவில்லை.

சொந்தக்காரர்கள் ஆன்மா இளைப்பாறப் பூசை ஒப்புக்கொடுக்கச் சொன்னார்கள். வருடம் திரும்பப் போகிறது, பூசையில்லாமல் பிள்ளையை விடலாமா என்றார்கள். மாமி மறுத்துவிட்டார். பூசை தவறாத மனிசி, மகனுக்குப் பூசை வேண்டாம் என்று சொன்னது பங்கு முழுக்கக் கதையாகிவிட்டது.

“முதல் அவன் வலை போடப் போனவன் எண்டு சொல்லட்டும். பேந்து செத்துப் போனவன் எண்டு நான் சொல்லுறன்.”

அதே தொண்ணூற்று மூன்றின் கடைசியில் இன்னொரு செய்தி வந்தது. மங்கலாகிப்போன அந்தத் தொலைநோக்கிக்கு ஆட்கள் ஏறிப்போய்க் கண்ணாடி மாட்டிச் சரிசெய்துவிட்டார்களாம். இப்போது எல்லாம் துலக்கமாகத் தெரிகிறதாம். மிதியைச் சுழற்றிக்கொண்டிருந்த மாமி மெல்லத் தலையாட்டினார். அவர் உவங்களை மெச்சி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

“பாத்தியோ? மனமிருந்தால் பிழையைத் திருத்தலாம். அவ்வளவு உயரம் ஏறிப்போய்த் திருத்தினவங்கள், ஒரு படத்தைத் தேடி எடுக்கமாட்டினமோ?”

அந்த நேரம் எனக்கு வந்த கோபத்தில் அந்த றேடியோவைத் தூக்கி நிலத்தில் அடித்திருப்பேன்.

தொண்ணூற்று நான்கு முடிகிறபோது சமாதானக் கதை கொஞ்சம் அடிபட்டது. கிணறுகளில் உப்பு ஏறுவதை ஆராய ஒரு வெளிநாட்டுப் பெடியன் வந்தான். கொழும்பில் இருந்தபோது பழகிய இங்கிலீசு எனக்கு இருந்தபடியால், மொழிபெயர்க்க வரச்சொல்லிச் சுவாமி ஆள் அனுப்பினார். பங்கு மண்டபத்தில் சனம் நிறைந்திருந்தது. அவன் ஒரு நீள மேசையில் பெரிய படமொன்றை விரித்தான். எங்கள் குடாநாடு முழுவதும் பச்சையும் மண்ணிறமுமாக அதில் கிடந்தது. மாமி கூட்டத்தை விலத்திக்கொண்டு முன்னுக்கு வந்தார்.

“தம்பி, உது மேலையிருந்து எடுத்ததோ எண்டு கேள்.”

கேட்டேன். ஓம், செய்மதி எடுத்தது என்றான்.

மாமி கையைச் சீலையில் துடைத்தார். வரைபடம் பார்த்துப் பழகாதவர். ஆனாலும் விரல் தடுமாறவில்லை. இது எங்கடை கரை, இது மண்டைதீவு, இஞ்சாலை அரியாலை என்று கரையோரமாகவே தடவிக்கொண்டு போனார். பிறகு விரல் தண்ணீருக்குள் இறங்கி ஓரிடத்தில் நின்றது.

“இதிலைதான். இது எப்ப எடுத்தது?”

சில வருடங்களுக்கு முன்னால் எடுத்தது என்றான் அவன். இதில் சின்னப் பொருட்கள் தெரியாது, இதிலுள்ள ஒரு புள்ளி உங்கள் கோயிலைவிடப் பெரிது, இது மண்ணையும் தண்ணீரையும் மட்டும்தான் பார்க்கும் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினான்.

“அப்ப காரின்ரை நம்பர் வாசிக்கிறது பொய்யோ? கேள்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது, கேட்டேன். பெடியன் சிரிக்கவில்லை. நம்பர் தெரியுமோ சொல்லமுடியாது, ஆனால் ஒரு வள்ளத்தைப் பார்க்கக்கூடியவை மேலே இருக்கின்றன என்றான். அவை பெரிய நாடுகளின் இராணுவத்துக்குச் சொந்தமானவை. அந்தப் படங்களை ஒருவருக்கும் காட்டமாட்டார்கள் என்றான்.

நான் சொல்லி முடிக்க மாமி மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தார். அவரைச் ‘சற்றலைற்’ என்றவர்கள் அத்தனை பேரும் அங்கே நின்றார்கள்.

“கேட்டியளோ? இருக்காம்.” அந்தக் குரல் கூரையில் போய் முட்டியது. “இருக்காம், ஆனால் எங்களுக்கில்லையாம்!”

மறுபடி குனிந்து படத்தைப் பார்த்தார். கடல் முழுக்க ஒரே கறுப்பு. ஒரு வள்ளமில்லை, ஒரு பாயில்லை, ஒரு மனிதனில்லை. மாமி அந்தப் பெடியனின் சட்டைப்பையில் இருந்த, வெள்ளை மையால் குறிக்கும் பேனையை உருவினார். அவன் என்னவென்று உணரமுதல், விரல் நின்ற இடத்தில் பேனையை ஊன்றி அழுத்தி ஒரு புள்ளி வைத்தார்.

அவன் பதறிப்போனான். தன்னிடம் இருப்பது இந்த ஒரு படம்தான், இதை வைத்துத்தான் அளக்க வேண்டும், அங்கே ஒரு தீவு இருப்பதாகப் பார்ப்பவர்கள் நினைப்பார்கள், தயவுசெய்து சொல்லுங்கள் என்றான். அவனில் ஒரு பிழையுமில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. பிழை செய்தவர்களில் ஒருவனாவது என் கண்முன்னால் நின்றிருந்தால் அவனுடைய குரல்வளையைப் பிடித்திருப்பேன். கையில் கிடைத்தது நல்லவன் ஒருவன்.

“என்னவாம்?”

“படம் பழுதாப் போச்சாம் மாமி. அதிலை ஒண்டும் இல்லையாம், இருக்கு எண்டு ஆக்கள் நினைச்சுப்போடுவினமாம்.”

“நினைக்கட்டும்! இருந்ததுதானே. அது என்ரை பெடியன்ரை வள்ளம். வலையோட நிக்குது எண்டு சொல்லு.”

சொன்னேன். அவனுடைய முகம் சிவந்துபோனது. படத்தின் ஒரு ஓரத்தைப் பிடித்து மடிக்கத் தொடங்கினான். மாமி அவனுடைய கைமேல் தன் கையை வைத்தார்.

“மெல்ல மடி தம்பி. உள்ளுக்கை ஆள் இருக்கு.”

அதையும் இங்கிலீசில் சொன்னேன். அவன் எனக்கு முன்னால்தான் நின்றான்; ஆனாலும் மண்டபம் அதிரக் கத்தித்தான் சொன்னேன்.